பெரட்டு என்று கூவிய அமெரிக்கனுக்கு

தம்பி,

இன்று காலை வேனைக் குஷன் கடையில் கொண்டுபோய் விட்டேன். சீட்டு உறையெல்லாம் கிழிந்துபோய், பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஞ்சைப் பிய்த்து ஒருவர் மேல் ஒருவர் எறிய ஆரம்பித்துவிட்டார்கள். கடைக்காரர் கடைசியில் இருக்கும் நீள சீட்டின் பழைய உறையை உரித்தார். உள்ளேயிருந்து குப்பென்று தைல வாடை வந்தது. அவர் மூக்கைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"என்னம்மா, வேன்ல யாருக்காச்சும் பிள்ளப்பேறு பாத்தியா?"

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே போனை எடுத்துக் காதில் வைத்து, யாரோ கூப்பிட்ட மாதிரி வெளியே வந்து நின்றேன். யாரும் கூப்பிடவில்லை. அந்த மனிதர் முன்னால் அழ எனக்கு இஷ்டமில்லை, அவ்வளவுதான்.

அது உன் முட்டிக்குத் தேய்த்த தைலம். ஒரு சீசன் முழுக்க அந்த நீள சீட்டில் காலை நீட்டிப் போட்டுக்கொண்டு கோலாலம்பூருக்கும் மலாக்காவுக்கும் பினாங்குக்கும் என்னோடு வந்தாய். ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் பாட்டிலைக் கவிழ்த்துக் கவிழ்த்துத் தேய்த்தாய். பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பஞ்சுக்கு மட்டும் இன்னும் மறக்கவில்லை.

நீ இறந்துபோன செய்தியை உன் மகள்தான் போன மாதம் கூப்பிட்டுச் சொன்னாள். அவள் சொன்ன இன்னொரு விஷயமும் இருக்கிறது. அதை உன்னிடம் சேர்க்கத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் நேராக அதில் போய் விழ முடியாது, முதலிலிருந்து வந்தால்தான் சரிவரும். உனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, அதனால் என்ன? நாம் பேசிக்கொண்டதே கொஞ்சம் இங்கிலீஷ், கொஞ்சம் மலாய், மீதியெல்லாம் கையும் தலையும். எனக்கோ எல்லாம் தமிழாகத்தான் ஞாபகத்தில் இருக்கிறது, நீ பேசியதும் சேர்த்து.

நீ வந்து இறங்கிய நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. காலையும் மத்தியானமும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுவேன். சாயங்காலமும் சனி ஞாயிறும் ஈப்போ கூடைப்பந்துக் கிளப்புக்கு வேன் ஓட்டுவேன். கிளப்பின் தலைவர் டயர் கடைத் தவுக்கே, சீன முதலாளி. அந்த வருஷம் ஒரு அணிக்கு ஒரே ஒரு வெளிநாட்டுக்காரர்தான். மற்ற ஊர்க்காரர்கள் எல்லாம் வாசலில் குனிந்து நுழைகிற ஆள்களாகப் பார்த்து இறக்கியிருந்தார்கள். நம் தவுக்கே, ஏஜண்டு அனுப்பிய வீடியோவைப் பார்த்து உன்னை எடுத்திருந்தார். வீடியோவில் பார்த்தால் எல்லாரும் உயரம்தான்.

நீ வேனிலிருந்து இறங்கினாய். தவுக்கே உன்னைப் பார்த்தார், பிறகு வேனுக்குள் எட்டிப் பார்த்தார், இன்னொருத்தன் இருக்கிறானா என்று. இல்லை என்றதும், "இனி சாஜா?" என்று மலாயில் என்னிடம் கேட்டார். இவ்வளவுதானா என்று. ஏதோ நான்தான் வழியில் பாதியை விட்டுவிட்டு வந்தது போல.

நீ அவர் தோளைத் தட்டி, "நான் பாயிண்ட் கார்டு, சார். உயரமா இருக்கிறது மத்தவங்க வேலை" என்றாய். அவருக்குப் புரியவில்லை. எனக்கும்தான். பந்தைக் கொண்டுபோய் யாருக்கு எப்போது பாஸ் கொடுப்பது என்று பார்க்கிறவன்தான் பாயிண்ட் கார்டு என்று பிறகு நீதான் சொல்லிக்கொடுத்தாய். "ஓ, அப்ப என்னை மாதிரி வேன் டிரைவர்" என்றேன். அன்றிலிருந்து என்னை விடவில்லை நீ.

கிளப்பு உனக்குப் பிடித்துக் கொடுத்த அறை தமிழ் ஜனங்கள் நிறைந்த புந்தோங்கில், என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. முதல் நாள் காலையில் தெருவோர ஒட்டுக்கடைக்கு வந்து உட்கார்ந்தாய். கருத்த முகம், சுருட்டை முடி, கைலி வேறு வாங்கிக் கட்டியிருந்தாய். கடைக்காரர் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக்கை வைத்துவிட்டு, தமிழ்ப் பையன் என்று நினைத்து, எல்லாரையும் கேட்கிற கேள்வியை உன்னையும் கேட்டார்.

"எந்த எஸ்டேட்டு தம்பி?"

கேள்வியை நான் இங்கிலீஷில் சொன்னதும் "பிலடெல்பியா" என்றாய்.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது ஜொகூர் பக்கமா?" என்றார்.

கடை முழுக்கச் சிரித்தது. உனக்கு நான் விளக்கிச் சொன்னதும் நீயும் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாய். அப்புறம் சீசன் முடிகிற வரைக்கும் புந்தோங்கில் உனக்குப் பெயர் பிலடெல்பியா எஸ்டேட்டுதான்.

நீ பார்க்காத ஊரா? ருமேனியாவில் பனியில் பல் தேய்க்கவே கை வராமல் இருந்ததையும், லெபனானில் ஒரு கிழவர் ஆட்டத்துக்கு ஆட்டம் உனக்கு ஆலிவ் கொண்டுவந்து கொடுத்ததையும், பிலிப்பைன்ஸில் தெருவுக்கு ஒரு வளையம் தொங்குவதையும் நெடுஞ்சாலையில் சொல்லிக்கொண்டே வருவாய். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் எல்லாக் கதையும் ஒரே மாதிரிதான் முடியும். ஒரு நாள் கூப்பிட்டு, பையைக் கட்டு என்பார்கள். ஒரு ஊரில் நீ ஆட்டம் முடித்துக் குளித்துவிட்டு அறைக்குத் திரும்பினால், உனக்குப் பதிலாக வந்தவன் உன் கட்டிலில் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தானாம்.

"அப்ப நீ என்ன செஞ்ச?"

"எழுப்பி, சுடுதண்ணி குழாய் எதுன்னு காட்டிட்டு வந்தேன். அங்க ரெண்டு குழாயும் மாத்தி வச்சிருந்தாங்க அக்கா. அவனுக்குத் தெரியாதில்ல."

இப்படிப்பட்ட ஆளை என்ன செய்வது? எனக்குக் கோபம்தான் வந்தது.

தாப்பா ஓய்விடத்தில் ஒரு நாள் உன் மகளின் படத்தைப் போனில் காட்டினாய். பதினொரு வயது, இரட்டைப் பின்னல், முன்பல்லில் சின்ன இடைவெளி, உன்னைப் போலவே. அவள் பிறந்ததிலிருந்து நீ வெளிநாடுகளில்தான் ஆடுகிறாய். உன் சீசன் வந்தால் அவளுக்குப் பள்ளிக்கூடம். நீ ஆடுவதை அவள் கண்ணால் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை, எல்லாம் போனில்தான். அதுவும் பாதியில் நின்று நின்று ஓடும். இந்த முறைதான் அவளுடைய கிறிஸ்துமஸ் விடுமுறையும் நம் சீசனும் ஒன்றாக வந்தன. உன் தங்கை அவளை ஈப்போவுக்குக் கூட்டிவருவதாக முடிவாகியிருந்தது.

"முட்டி இந்த வருஷத்தோட சரி, அக்கா. எனக்குத் தெரியும். அவ வர்ற வரைக்கும் டீம்ல இருந்தாப் போதும். விடுமுறை முழுக்க நான் ஆடுறத உக்காந்து பாக்கணும். இத்தனை வருஷமா அவ அப்பன் எங்க போனான்னு அவ தெரிஞ்சுக்கணுமில்ல?"

அதற்கப்புறம் அது எனக்கும் கவலையாகிவிட்டது. உன் ஒப்பந்தம் மாதத்துக்கு மாதம். மாதக் கடைசியில் தவுக்கே உன்னைப் பற்றி முனகுவது என் காதில் விழும். "இம்போர்ட்டுன்னா முப்பது பாயிண்டு போடணும்லா. இவன் எல்லாத்தையும் நம்ம பையன்களுக்குத் தூக்கிக் குடுத்துடுறான். நம்ம பையன்க ஆடுறதுக்கு எதுக்கு அமெரிக்காவுலேருந்து ஆளு?" அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஸ்கோர் பலகையில் பந்து கொடுத்தவன் பெயர் வராதே.

நானும் உன்னைத் திட்டித் தீர்த்திருக்கிறேன். "நீயே போட்டுத் தொலையேன்பா!" என்று. நீ சிரித்துக்கொண்டே, "ஒருத்தன் தனியா நிக்கறது என் கண்ணுல பட்டுடுச்சுன்னா அப்புறம் படாத மாதிரி இருக்க முடியல அக்கா" என்பாய். அது ஏதோ வியாதி போலச் சொல்வாய்.

பெரட்டுக் கதையும் அதே நெடுஞ்சாலையில்தான் ஆரம்பித்தது. ஒரு லாரிக்காரன் சிக்னல் போடாமல் உள்ளே வந்துவிட்டான். நான் கண்ணாடியை இறக்கி, சுங்காய் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவள் திட்டுகிற மாதிரி திட்டினேன். பையன்கள் எல்லாம் சீனப் பையன்கள், ஒருவனுக்கும் ஒன்றும் புரியாமல் சிரித்தார்கள். நீ மட்டும் சிரிக்கவில்லை. முன்னால் சாய்ந்து, "இவனுங்களுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியலையா?" என்று கேட்டாய்.

"எப்படிப் புரியும்? தமிழாச்சே."

"மத்த டீம்காரங்களுக்கும் புரியாதா?"

"அவங்களும் இவனுங்க மாதிரிதானே."

உன் முகம் மலர்ந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். நீ கோர்ட்டில் கான்டனீஸில் கூவினாலும் மலாயில் கூவினாலும் இங்கிலீஷில் கூவினாலும், அடுத்து என்ன ஆட்டம் வரப்போகிறது என்று எதிரணிக்குத் தெரிந்துவிடுகிறதாம். தமிழில் கூவினால்? சின்னச் சின்னச் சொல்லாகக் கொடு என்றாய். எனக்குச் சட்டென்று வந்ததெல்லாம் என் அம்மா அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்துச் சொற்கள்தான்.

விடியற்காலையில் தோட்டத்து ஆட்கள் எல்லாரையும் ஒரே இடத்தில் கூட்டிப் பெயர் கூப்பிடுவது பெரட்டு. அதனால் எல்லாரும் ஓடிவந்து உன்னைச் சுற்றிக் கூடிவிட்டுத் திடீரென்று சிதறுகிற ஆட்டத்துக்குப் பெரட்டு என்று பெயர் வைத்தாய். மரத்தில் பால் சொட்டச் சொட்ட ஏந்திக்கொண்டிருக்கும் கிண்ணம் மங்கு. நம் அணியின் நெட்டைப் பையன் வளையத்துக்குக் கீழே கையை ஏந்தி நின்றால் அது மங்கு. மரங்கள் வரிசையாக நிற்பது நிரை. மூன்று பேர் வரிசையாக நிற்க, ஒருவன் அவர்களை உரசிக்கொண்டு மூலைக்கு ஓடினால் அது நிரை. வெயில் தாழ்ந்த நேரத்தில் கிளப்புக் கோர்ட்டில் அந்தச் சீனப் பையன்கள் "மங்கு! மங்கு!" என்று கத்திக்கொண்டு ஓடியதைப் பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. என் அப்பா இதைப் பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

நாலு ஆட்டம் வரிசையாக ஜெயித்தோம். எதிரணிக்காரர்கள் விழித்தார்கள். தவுக்கேகூட முனகலைக் குறைத்துக்கொண்டார். இதை நான் ஒட்டுக்கடையில் சொல்லாமல் இருப்பேனா? சொன்னேன். அதோடு புந்தோங் கிளம்பிவிட்டது. கூடைப்பந்து என்றால் அது சீனர்கள் ஆட்டம் என்று அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்கள், அமெரிக்கன் ஒருவன் பெரட்டு என்று கூவுவதைக் கேட்க டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தார்கள். கச்சாங் பூத்தே கடலைப் பொட்டலம், முறுக்கு டப்பா, உறுமி மேளம் எல்லாம் வந்தன. மேளத்தை மட்டும் வாசலில் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

உன் மகள் வந்த மறுநாள் ஆட்டம் ஈப்போவில், வடக்கிலிருந்து வந்த அணியோடு. அன்று காலையில் தவுக்கே எனக்குப் போன் போட்டு, விமான நிலையத்தில் ஒரு ஆளை ஏற்றிக்கொண்டு வா என்றார். போனேன். கதவைத் திறந்துகொண்டு வந்தவனை அண்ணாந்து பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பாவம், அவனும் நல்ல பிள்ளைதான். என் சின்ன வேனில் காலை மடக்கி வைத்துக்கொண்டு வழியெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தான்.

சாயங்காலம் உடை மாற்றும் அறை வாசலில் உன்னைப் பிடித்தேன். எனக்கு மறைக்கத் தெரியாது. தவுக்கே சொன்னதைச் சொன்னதும்தான் எனக்கு மூச்சு வந்தது. "இன்னிக்கு நீ இருபது பாயிண்டு போட்டா இந்த மாசமும் வச்சுக்குறேன்னு சொல்றாரு. இல்லன்னா நாளையிலேருந்து அவன்தான். யாருக்கும் குடுக்காதப்பா. இன்னிக்கு ஒரு நாளைக்கு நீயே போடு. உன் மகளுக்காகப் போடு."

நீ தலையாட்டினாய். பிறகு, "அவன் வேன்ல எங்க உக்காந்தான்? நீள சீட்டைச் சொன்னியா? முன்னால உக்காந்தா முட்டி இடிக்கும்" என்றாய்.

உன்னை அங்கேயே நாலு வைக்கலாம் போல இருந்தது எனக்கு.

உன் மகளை எனக்கும் உன் தங்கைக்கும் நடுவில் உட்கார வைத்தேன். மேல்வரிசையில் தவுக்கேயும் அவருக்குப் பக்கத்தில் காலையில் நான் ஏற்றி வந்தவனும். அவன் உட்கார்ந்திருந்தும் பின்னால் இருந்தவர்களுக்குக் கோர்ட்டு தெரியவில்லை. "அந்த ஆள் யார்?" என்று உன் மகள் கேட்டாள். "தவுக்கேக்குத் தெரிஞ்சவங்க" என்றேன். அவளிடம் வேறென்ன சொல்வது?

ஆட்டம் ஆரம்பித்தது. நீ "மங்கு!" என்றாய். உடனே புந்தோங் கூட்டம் மொத்தமும் எழுந்துவிட்டது.

"மங்குடா! மங்கு! உள்ள போடுவான் பாரு!"

"டேய் நெட்டையா, கைய ஏந்துடா, வருதுடா!"

பெருமைதான், வேறொன்றுமில்லை. தங்கள் சொல்லை ஒருவன் மைதானத்தில் சொல்கிறான், அதற்கு அர்த்தம் தங்களுக்கு மட்டும் தெரியும் என்கிற பெருமை. பக்கத்தில் இருக்கிறவனுக்கு விளக்கிச் சொல்லாமல் எப்படி இருப்பது? ஆனால் எதிரணி ஆட்கள் பந்து வருவதற்கு முன்னாலேயே அங்கே போய் நின்றார்கள். நிரை என்றாலும் அப்படியே. பெரட்டு என்றாலும் அப்படியே. எனக்கு ஒன்றும் புரியவில்லை. எதிரணி பெஞ்சுக்குப் பின்னால் பார்த்த பிறகுதான் புரிந்தது. அவர்களுடைய பஸ் டிரைவர் மணியம் அண்ணே அங்கே உட்கார்ந்து, நம் ஆட்கள் கத்துவதையெல்லாம் மலாயில் அவர்கள் கோச்சுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரும் பத்தாங் செராய் பக்கத்து எஸ்டேட்டுக்காரர். பெரட்டு தெரியாமல் இருக்குமா?

பாதி ஆட்டத்தில் ரொம்பப் பின்தங்கிவிட்டோம். நான் எழுந்து நம் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினேன். "வாய மூடுங்கய்யா! எல்லாத்தையும் காட்டிக் குடுக்குறீங்கய்யா! அங்க மணியம் அண்ணே உக்காந்திருக்காரு!" அத்தனை பேரும் திரும்பி மணியம் அண்ணனைப் பார்த்தார்கள். அவர் வெட்கத்தோடு கையை உயர்த்தி, "என் வேலை அதுதானேலா, நான் என்ன செய்யுறது?" என்றார். சிலர் அவருக்கு முறுக்கு டப்பாவைக்கூட நீட்டினார்கள். இந்த ஜனங்களை வைத்துக்கொண்டு என்ன ரகசியம் காப்பது?

நீ கோர்ட்டின் நடுவிலிருந்து எங்களைப் பார்த்தாய். விஷயம் புரிந்ததும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தாய். கையைத் தூக்கி, கத்தட்டும், விடு என்று எனக்குச் சைகை செய்தாய். பிறகு பையன்களைக் கூட்டி வைத்துக்கொண்டு ஏதோ சொன்னாய்.

மீதி ஆட்டத்தில் நீ மங்கு என்றால் நிரை வந்தது, நிரை என்றால் மங்கு வந்தது. கூட்டம் உயிரை விட்டுக் கத்தியது, மணியம் அண்ணே விடாமல் மொழிபெயர்த்தார், எதிரணி தப்பான பக்கம் ஓடி ஓடிக் களைத்தது. தப்பாகக் கத்துகிறோம் என்று தெரிந்ததும் நம் கூட்டம் இன்னும் சத்தமாகக் கத்தியது. நீயும் போட்டாய், தம்பி. அன்று அந்த முட்டியை வைத்துக்கொண்டு நீயே போட்டாய். உன் மகள் ஒவ்வொரு கூடைக்கும் என் கையைப் பிடித்துப் பிடித்து நசுக்கினாள். தவுக்கே கேட்ட கணக்குக்கு இன்னும் ஒரே ஒரு கூடைதான் பாக்கி. ஆட்டத்தில் ஒரு பாயிண்டு பின்னால் இருந்தோம். பந்து உன் கையில் இருந்தது, கடைசி நொடிகள்.

நான் சாமியெல்லாம் கும்பிட்டேன். நீ போட்டால் ஆட்டமும் கிடைக்கும், வேலையும் கிடைக்கும், அந்தப் பிள்ளைக்கு விடுமுறை முழுக்க அப்பனும் கிடைப்பான்.

நீ உள்ளே புகுந்தாய். இரண்டு பேர் உன் மேல் பாய்ந்தார்கள். அதைவிடக் கஷ்டமானதையெல்லாம் அன்றைக்கே நீ போட்டிருந்தாய். "போடு!" என்று நான் கத்தினேன். உன் மகள் கத்தினாள். மேல்வரிசையிலிருந்து தவுக்கேயே கத்தினார். நீ ஒரு கணம் எங்கள் பக்கம் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு பந்தை மூலைக்கு எறிந்தாய்.

மூலையில் ஆ கியோங் நின்றான். காம்பார் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பையன், பெஞ்சிலேயே சீசனைக் கழித்தவன், அன்று வேறொருவனுக்கு அடிபட்டதால் உள்ளே வந்தவன். அவனைச் சுற்றி யாருமே இல்லை. நிதானமாகத்தான் எறிந்தான். பந்து வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வெளியே விழுந்தது.

மணி அடித்துவிட்டது. தோற்றுவிட்டோம். ஆ கியோங் சட்டையைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான். எனக்கு உன் மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. உன் மகள் அழுதுகொண்டிருந்தாள்.

நீ நேராக அந்தப் பையனிடம் போனாய். கையைக் கொடுத்து எழுப்பினாய். அதே மூலையில் நிற்க வைத்து, அதே இடத்திலிருந்து அவனுக்குப் பந்தை எறிந்தாய். அவன் போட்டான், விழவில்லை. பந்து உருண்டு தூரமாகப் போனது. நீ முட்டியைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் நொண்டினாய்.

அப்போதுதான் உன் மகள் என் கையை உதறிவிட்டுப் படியில் ஓடினாள். நீ போய்ச் சேருவதற்குள் அவள் பந்தை எடுத்துவிட்டாள். வளையத்துக்குக் கீழே போய் நின்றுகொண்டு உனக்கு எறிந்தாள். நீ அவனுக்கு எறிந்தாய். அவன் வளையத்துக்கு எறிந்தான். கீழே விழுந்ததும் அவள் பொறுக்கி மறுபடி உனக்கு. போகக் கிளம்பியவர்கள் நின்றுவிட்டார்கள். ஒரு பந்து உள்ளே விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. அதற்கப்புறம் ஆ கியோங் அழுதுகொண்டே சிரித்தான். உன் மகள் குதித்தாள். அவள் தன் அப்பாவோடு ஒரே கோர்ட்டில் நின்றதைப் பார்த்து உன் தங்கை என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் சேர்ந்து அழுதேன். உன் மேல் இருந்த கோபம் மட்டும் போகவில்லை.

தவுக்கே சொன்ன சொல்லில் நின்றார். மறுநாள் உன் கையைப் பிடித்துக் குலுக்கி, "குட் மேன், டூ ஷார்ட்" என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. நீ மகளிடம், முட்டி போய்விட்டது, டாக்டர் ஆடக் கூடாது என்று சொல்லிவிட்டார் என்றாய். மீதி விடுமுறையை அவளோடு ஊர் சுற்றிக் கழித்தாய். விமான நிலையத்துக்கு உங்களை நான்தான் கொண்டுபோய் விட்டேன். இறங்கும்போது பொறுக்காமல் கேட்டேன், ஏன் அப்படிச் செய்தாய் என்று.

"அவன் தனியா நின்னான் அக்கா."

அவ்வளவுதான் சொன்னாய். உன் ஊருக்குப் போய்த் தேவாலய மண்டபம் ஒன்றில் தெருப் பிள்ளைகளுக்கு ஆடச் சொல்லிக்கொடுத்தாய். பொங்கலுக்குப் பொங்கல் எனக்குப் போன் செய்து பெரட்டு என்று கத்துவாய். இந்த வருஷமும் கத்தினாய். அந்த மண்டபத்திலேயே, பிள்ளைகள் ஆடிக்கொண்டிருக்கும்போது, பெஞ்சில் உட்கார்ந்தபடியே உன் நெஞ்சு நின்றுவிட்டதாம்.

உன் மகள் இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். செய்தியைச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, போனை வைக்காமல் இருந்தாள். பிறகு, "அக்கா, அன்னைக்குத் தவுக்கே பக்கத்துல ஒரு நெட்டை ஆள் உக்காந்திருந்தாரே, அவர் யாரு?" என்றாள்.

எத்தனை வருஷம் கழித்துக் கேட்கிறாள் பார். இனி மறைத்து யாருக்கு என்ன லாபம்? சொன்னேன். அவனை ஏன் வரவழைத்தார்கள், தவுக்கே என்ன கேட்டார், உனக்கு இன்னும் ஒரு கூடைதான் பாக்கி என்பதெல்லாம் சொன்னேன்.

"அப்பாவுக்கு இதெல்லாம் முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்மா. நான்தான் சொன்னேன்."

இவளுக்கு உன் மேல் கோபம் வந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. எனக்கு வந்ததே. அதுவும் இந்த நேரத்தில் வந்துவிட்டால், அவள் அதைக் கொண்டுபோய் யாரிடம் கொட்டுவாள்? மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அது நல்ல பாஸ், அக்கா" என்றாள். "நான் போடுன்னுதான் கத்துனேன். ஆனா அந்தப் பையன் தனியா நின்னதை நானும் பாத்தேன்."

இதை உன்னிடம் சொல்ல அவளுக்கு வாய்க்கவில்லை. ஒரு மாதமாக நான்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். உனக்குச் சொல்லிவிட்டேன், தம்பி.